காவிரி டெல்டாவில் கிணறு, போர் தண்ணீரில் பூச்சிமருந்து எச்சம்: சோதனை பற்றிய கேள்விகளும் பதில்களும்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களிலும், திருச்சி, கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் டெல்டாப் பகுதிகளிலும் குடிக்கவும் சமைக்கவும் நிலத்தடி நீரை எடுக்கும் வீடுகளுக்கும் ஊராட்சிகளுக்கும் இந்தப் பதில்கள். பூச்சிமருந்துச் சோதனை ஆய்வகத்தில் கெடுவது குறைவு. மோட்டார் கொட்டகையிலும், மாதிரி போகும் பார்சலிலும், எதைத் தேட வேண்டும் என்று எழுதாமல் விட்ட கடிதத்திலும்தான் அது அதிகம் கெடுகிறது. அதனால் அந்த மூன்றுக்கும் இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

எங்கள் போர் தண்ணீர் தெளிவாக இருக்கிறது, மருந்து வாடையும் இல்லை. டி.டி.எஸ். மீட்டரில் 400தான் காட்டுகிறது. இது போதாதா?

போதாது. டி.டி.எஸ். மீட்டர் அளப்பது தண்ணீரில் கரைந்த உப்பு கடத்தும் மின்சாரத்தை. அந்த மீட்டரில் ஓர் எண் ஏறுவதற்கே லிட்டருக்கு 1 மில்லிகிராம் உப்பு கூட வேண்டும். பூச்சிமருந்தின் வரம்புகளோ மைக்ரோகிராமில் இருக்கின்றன, அதாவது மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. போதாக்குறைக்கு, பல மருந்துகள் மின்சாரத்தைக் கடத்துவதே இல்லை.

அளவு எவ்வளவு சிறியது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மோனோகுரோட்டோபாஸ் 36 சதக் கரைசலில் 10 மில்லியில் சுமார் 3.6 கிராம் மருந்து இருக்கும். குடிநீரில் அதற்கு வரம்பு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். அந்த 10 மில்லி 36 லட்சம் லிட்டர் தண்ணீரை வரம்புவரை கொண்டுபோகும். இதை மூக்கோ நாக்கோ கண்டுபிடிக்க முடியாது.

ஊராட்சியில் கிட் வைத்துச் சோதித்தார்கள், எல்லாம் சரி என்றார்கள். அதில் பூச்சிமருந்து வராதா?

வராது. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊராட்சிகளுக்குக் கொடுத்த கள ஆய்வுப் பெட்டி பி.எச்., கடினத்தன்மை, குளோரைடு, நைட்ரேட், புளோரைடு, இரும்பு, மிஞ்சிய குளோரின் போன்றவற்றுக்கானது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் வழக்கமாகக் கொடுக்கும் சோதனையும் உப்பு, நிறம், கலங்கல், கிருமி ஆகியவற்றைப் பற்றியதே. அவை அவசியமான சோதனைகள், தவறாமல் செய்துகொள்ளுங்கள். ஆனால் அந்த அறிக்கையில் ‘குடிக்க ஏற்றது’ என்று இருந்தால் அது பூச்சிமருந்தைப் பற்றிச் சொன்னதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொரு குழப்பமும் உண்டு. வேளாண்மைத் துறையின் பூச்சிமருந்துப் பரிசோதனை நிலையங்கள் கடையில் விற்கும் மருந்து தரமானதா, லேபிளில் போட்ட அளவு உள்ளே இருக்கிறதா என்று பார்ப்பவை. தண்ணீரில் உள்ள எச்சத்தைப் பார்ப்பது அவற்றின் வேலை அல்ல.

நைட்ரேட் சோதனை மலிவு. நைட்ரேட் குறைவாக இருந்தால் மருந்தும் இறங்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாமா?

மேட்டு நிலத்தில் இந்தக் கணக்கு ஓரளவு உதவும். நெல் வயலில் இதை நம்ப முடியாது. நீர் கட்டிய சேற்று மண்ணில் காற்று இல்லாததால் அங்குள்ள நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றிவிடுகின்றன. யூரியாவை மூட்டை மூட்டையாகப் போட்ட வயலுக்கு நடுவில் இருக்கும் பில்டர் பாயின்ட்டிலும் (அடியில் வடிகட்டிக் குழாய் வைத்து இறக்கிய ஆழம் குறைந்த குழாய்க்கிணறு) நைட்ரேட் 45 மில்லிகிராம் வரம்புக்கு மிகக் கீழே இருக்கலாம். நைட்ரேட் அதிகமாக வந்தால் மேல் தண்ணீர் கீழே இறங்குகிறது என்பதற்கு அது சாட்சி, உடனே மருந்துக்கும் சோதியுங்கள். குறைவாக வந்தால் அதிலிருந்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

எல்லா மருந்தும் நிலத்தடிக்கு இறங்குமா?

இறங்காது. தண்ணீரில் நன்றாகக் கரைந்து, மண்ணில் ஒட்டாமல், சீக்கிரம் சிதையாமலும் இருப்பவைதான் இறங்கும். கார்போபியூரான் குருணை, இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சாம், கரும்பிலும் மக்காச்சோளத்திலும் போடும் அட்ரசின் ஆகியவை இந்த வகை. குளோர்பைரிபாசும் சைபர்மெத்ரின் வகையறாவும் மண்ணை இறுகப் பிடித்துக்கொள்ளும். அவை ஒரு போரில் கிடைத்தால் மண் வழியாக வடிந்தது என்று நினைப்பதற்கு முன்னால் வேறு வழியைத் தேடுங்கள்: போர் மேடையில் மருந்து கலந்தது, ஓரம் மூடாத குழாய், வெள்ளத்தில் உள்ளே போன வாய்க்கால் தண்ணீர்.

தாய்ப்பொருள் சிதைந்து உண்டாகும் சேய்ப்பொருள்களையும் மறக்கக் கூடாது. கார்போபியூரானுக்கு 3-ஹைட்ராக்சி கார்போபியூரான், பிப்ரோனிலுக்கு பிப்ரோனில் சல்போன், போரேட்டுக்கு அதன் சல்பாக்சைடும் சல்போனும், எண்டோசல்பானுக்கு எண்டோசல்பான் சல்பேட். தாய்ப்பொருளை மட்டும் தேடினால் ‘இல்லை’ என்று வரும், தண்ணீரில் சேய்ப்பொருள் இருக்கும்.

தடைசெய்த மருந்துகளையும் தேட வேண்டுமா?

வேண்டும். எண்டோசல்பானுக்கு உச்ச நீதிமன்றம் 2011-இல் தடை விதித்தது. போரேட் 2020 முடிவோடு நின்றது. மோனோகுரோட்டோபாஸ் 36 சதக் கரைசலுக்கு 2023-இல் தடை வந்தது. பழைய இருப்பு கொட்டகைப் பரணில் கிடக்கலாம், நிலத்தில் புதைத்த டப்பாவிலிருந்து ஒழுகலாம். டி.டி.டி., பி.எச்.சி. போன்ற பழைய குளோரின் மருந்துகள் மண்ணில் பல்லாண்டு தங்குபவை.

எங்கள் ஊரில் நூறு போர் இருக்கிறது. எதைச் சோதிப்பது?

எல்லாவற்றையும் சோதிக்கக் காசு இருக்காது, அவசியமும் இல்லை. முதலில் மண்ணைப் பாருங்கள். கொள்ளிடம், காவிரி, குடமுருட்டிக் கரையோர மணற்பாங்கான வண்டலிலும், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை பக்கத்துப் புது டெல்டாவின் செம்மண், மணல் நிலங்களிலும் தண்ணீர் வேகமாக இறங்கும். திருவாரூர், மன்னார்குடி பக்கத்துக் களிமண்ணில், அதுவும் பலமுறை சேற்றுழவு செய்து அடியில் இறுகிப்போன வயலில், இறங்குவது மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் கோடையில் பாளம் பாளமாக வெடித்த களியில் முதல் தண்ணீர் பாயும்போது வெடிப்பு வழியே அது நேராகக் கீழே போய்விடும். களிமண் ஊர் என்பதற்காக விட்டுவிட வேண்டாம்.

அடுத்து ஆழம். முப்பது நாற்பது அடியில் நிற்கும் பில்டர் பாயின்ட்டும் பழைய அடிபம்பும் முதலில் மாட்டும். பள்ளி, அங்கன்வாடி, குடியிருப்புத் தெருவில் உள்ள பொது அடிபம்புகளுக்கு எப்போதும் முன்னுரிமை கொடுங்கள், அவற்றைக் குடிப்பது குழந்தைகள். வாழை, கரும்பு, கோடைப் பருத்தி வயல்களின் வடிகால் திசையில் இருப்பவை அதற்கு அடுத்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஆழமான போர் ஒன்று, வயலிலிருந்து தள்ளி இருக்கும் போர் ஒன்று. ஆறு முதல் எட்டு இடம் இருந்தால் ஓர் ஊரின் நிலைமை தெரிந்துவிடும்.

ஐந்து போர் தண்ணீரை ஒரே பாட்டிலில் கலந்து அனுப்பிக் காசு மிச்சம் பிடிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். ஒரு போரில் மட்டும் 0.2 மைக்ரோகிராம் இருந்தால் கலவையில் அது 0.04 ஆகிவிடும். 0.05-க்குக் கீழ் அளக்க முடியாத ஆய்வகம் அதை ‘இல்லை’ என்று எழுதிவிடும்.

எந்த மாதத்தில் எடுப்பது நல்லது?

வயலில் மருந்து போட்ட இரண்டு மூன்று வாரத்துக்குள் பெரிய மழையோ பாய்ச்சலோ வந்தால் அதுதான் மருந்து இறங்கும் நேரம். மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்த ஆண்டு என்றால் குறுவையின் களைக்கொல்லியும் குருணையும் ஜூலை, ஆகஸ்டில் விழும். சம்பா, தாளடியின் மருந்துகள் வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்து அக்டோபர் முதல் டிசம்பர் வரை விழும். அப்போது நிலத்தடி நீர்மட்டமும் ஏறி நிற்பதால் பயணத் தூரம் குறைவு.

ஒரே ஒரு தடவைதான் முடியும் என்றால் டிசம்பர் இரண்டாம் பாதியில், கனமழை ஓய்ந்து போர் மேடை காய்ந்த பிறகு எடுங்கள். இரண்டு தடவை முடிந்தால் செப்டம்பரில் ஒன்று சேருங்கள். மூன்றாவதாக மே மாதம் எடுத்தால், பருவத்தோடு வந்துபோகும் மருந்தா, ஆண்டு முழுவதும் நிற்கும் மருந்தா என்பது பிடிபடும். பக்கத்து வயலில் அன்று மருந்து அடித்துக்கொண்டிருந்தால் மாதிரி எடுக்காதீர்கள், காற்றில் வரும் சாரலே போதும் முடிவைக் கெடுக்க.

ஆய்வகத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? என்ன கேட்பது?

ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்.-இன் அங்கீகாரம் இருப்பது முதல் நிபந்தனை. அதோடு நின்றுவிட வேண்டாம். ஒவ்வொரு ஆய்வகத்துக்கும் எந்தப் பொருளில் எந்தச் சோதனைக்கு அங்கீகாரம் என்று தனிப்பட்டியல் உண்டு, என்.ஏ.பி.எல். இணையதளத்திலேயே பார்க்கலாம். அரிசியில் எச்சம் பார்க்க அங்கீகாரம் பெற்ற இடத்துக்குத் தண்ணீரில் பார்க்க அது இருக்க வேண்டும் என்பதில்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் பூச்சிமருந்து எச்சத்துக்கென்றே ஆய்வகம் இருக்கிறது. சென்னையில் தனியார் ஆய்வகங்கள் உண்டு.

தொலைபேசியில் நாலு விஷயம் கேளுங்கள். எந்தெந்த மருந்து, பெயர்ப் பட்டியல் அனுப்ப முடியுமா? ஒவ்வொன்றையும் எவ்வளவு சிறிய அளவுவரை உறுதியாக அளப்பீர்கள்? அதை எல்.ஓ.க்யூ. என்பார்கள். ஜி.சி.-எம்.எஸ்./எம்.எஸ்., எல்.சி.-எம்.எஸ்./எம்.எஸ். இரண்டு கருவியிலும் ஓட்டுவீர்களா? பாட்டில் நீங்களே தருவீர்களா?

இதில் மூன்றாவது கேள்வி டெல்டாவுக்கு உயிர்நாடி. ஜி.சி. கருவி பழைய குளோரின் மருந்துகளையும் பாஸ்பேட் மருந்துகளையும் பிடிக்கும். இன்று நெல்லில் விழும் இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சாம், குளோரான்ட்ரானிலிப்ரோல், பிஸ்பைரிபாக் சோடியம், கார்போபியூரான் போன்றவற்றுக்கு எல்.சி. கருவிதான் வழி. ஜி.சி. பட்டியலை மட்டும் வாங்கினால் இருபது வருஷத்துக்கு முந்தைய வயலைச் சோதித்த மாதிரிதான். 2,4-டி போன்ற அமிலக் களைக்கொல்லிக்கும், வரப்பில் அடிக்கும் கிளைபோசேட்டுக்கும் தனிமுறை வேண்டும், பொதுத் தொகுதியில் அவை பெரும்பாலும் இருக்காது.

உங்கள் பட்டியலை நீங்களே தயாரிக்கலாம். சுற்றியுள்ள வயல்காரர்களிடம் கேளுங்கள், பக்கத்து மருந்துக்கடையில் இந்தப் பருவத்தில் அதிகம் போனது எது என்று கேளுங்கள், வரப்பில் கிடக்கும் காலி டப்பாக்களின் லேபிளைக் கைப்பேசியில் படம் எடுங்கள். வணிகப்பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் வேதிப்பெயரும் சதவீதமும்தான் தேவை. ஒரே மருந்து பல வணிகப்பெயரில் வரும்.

என்ன பாட்டில்?

ஆய்வகம் கழுவித் தரும் 1 லிட்டர் பழுப்புக் கண்ணாடி பாட்டில், உட்புறம் டெஃப்லான் தகடு வைத்த மூடியோடு. பழுப்பு நிறம் வெயில் பட்டு மருந்து சிதையாமல் இருக்க. கண்ணாடி எதற்கென்றால், குளோர்பைரிபாஸ் போன்றவை பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொண்டு தண்ணீரில் குறைவாகத் தெரியும். கிளைபோசேட்டுக்கு மட்டும் கண்ணாடி ஆகாது, பிளாஸ்டிக் பாட்டில் தனியாகத் தருவார்கள்.

சில பாட்டிலில் அடியில் கொஞ்சம் பொடி இருக்கும். தூசி என்று நினைத்து அலசிவிடாதீர்கள். கார்போபியூரான் வகைக்கு அது மிகவும் முக்கியம்: தண்ணீரின் பி.எச். 8-ஐத் தாண்டினால் கார்போபியூரான் பாட்டிலுக்குள்ளேயே சில நாளில் பெருமளவு சிதைந்துவிடும். அமிலத் தன்மை கொடுக்கும் பொடி அதைத் தடுக்கிறது. வெள்ளத்துக்குப் பிறகு பிளீச்சிங் பவுடர் போட்ட கிணறு என்றால் அதையும் ஆய்வகத்திடம் முன்கூட்டியே சொல்லுங்கள். குளோரினை முறிக்க சோடியம் தயோசல்பேட் போட்ட பாட்டில் கொடுப்பார்கள்.

மாதிரி எடுக்குமுன் மோட்டாரை எவ்வளவு நேரம் ஓடவிட வேண்டும்?

குழாய்க்குள் தேங்கிய தண்ணீர் போய், சுற்றியுள்ள மணலிலிருந்து புதுத் தண்ணீர் வரும்வரை. பொதுவிதி: குழாயில் நிற்கும் தண்ணீரைப் போல மூன்று மடங்கு வெளியேற்ற வேண்டும். 4 அங்குலக் குழாயில் அடிக்கு சுமார் 2.5 லிட்டர், 6 அங்குலத்தில் 5.5 லிட்டர் தண்ணீர் நிற்கும். 200 அடி போர், 6 அங்குலம், நீர்மட்டம் 40 அடியில் என்றால் 160 அடி தண்ணீர், அது 880 லிட்டர். மூன்று மடங்கு 2,640 லிட்டர். 200 லிட்டர் டிரம் எத்தனை நொடியில் நிறைகிறது என்று பாருங்கள். 40 நொடி என்றால் நிமிடத்துக்கு 300 லிட்டர், ஒன்பது நிமிடம் ஓடினால் போதும். மும்முனை மின்சாரம் வரும் நேரத்தை முன்பே கேட்டுவைத்துக்கொண்டு போங்கள்.

பில்டர் பாயின்ட்டில் கணக்குப்படி ஒன்றிரண்டு நிமிடம் போதும், ஆனால் அங்கே வேறொரு சிக்கல். காற்றுப் பிடித்த பம்பை எடுக்க, பக்கத்து வாய்க்காலிலோ வயலிலோ இருந்து ஒரு வாளித் தண்ணீரை மொண்டு உள்ளே ஊற்றுவது வழக்கம். சில இடங்களில் சாணிக் கரைசலும் ஊற்றுவார்கள். அந்த வாளியில் நேற்றுப் போட்ட குருணை கரைந்திருந்தால் நீங்கள் சோதிப்பது வயல் தண்ணீரை. வீட்டிலிருந்து குழாய்த் தண்ணீரைக் கேனில் கொண்டுபோய் ஊற்றுங்கள், பிறகு குறைந்தது 15 நிமிடம் ஓடவிடுங்கள். வாளியையும் பாருங்கள், மருந்து கலக்கிய வாளியாக இருக்கக் கூடாது.

பி.எச். மீட்டரும் மின்கடத்துதிறன் மீட்டரும் கையில் இருந்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து குறியுங்கள். அடுத்தடுத்த மூன்று அளவில் பி.எச். 0.1-க்குள்ளும் கடத்துதிறன் 3 சதவீதத்துக்குள்ளும் நின்றால் புதுத் தண்ணீர் வந்துவிட்டது என்று பொருள்.

பாட்டிலை நிரப்பும் முறை?

தொட்டிக்கும் வடிகட்டிக்கும் முன்னால், பம்புக்கு மிக அருகில் உள்ள குழாய் வாயிலிருந்து எடுங்கள். நுனியில் சொருகிய ஓஸ் குழாயைக் கழற்றிவிடுங்கள், மருந்து டாங்கில் முக்கி எடுத்த ஓசாகத்தான் அது இருக்கும். புது நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஒவ்வொரு போருக்கும் வேறு ஜோடி. அன்று காலை மருந்து கலந்தவரோ தெளித்தவரோ பாட்டிலைத் தொட வேண்டாம், சட்டை மாற்றிவந்தாலும் சரி. கொசுவிரட்டிக் களிம்பு பூசிய கையும் ஆகாது.

தண்ணீரின் வேகத்தைக் குறைத்து, மெல்லிய தாரையாக, பாட்டிலின் உட்சுவரை ஒட்டி விழவிடுங்கள். வாயை எங்கும் முட்ட வைக்காதீர்கள். மூடியைக் கையிலேயே கவிழ்த்துப் பிடியுங்கள், மேடையில் வைக்க வேண்டாம். மாதிரித் தண்ணீரால் பாட்டிலை அலசவும் வேண்டாம். கழுத்துவரை நிரப்பி மூடுங்கள். இரும்புச் சத்தால் தண்ணீர் சற்று நேரத்தில் பழுப்பாக மாறினால் பயப்பட வேண்டாம், வடிகட்டவும் வேண்டாம். வண்டலோடு ஒட்டியிருக்கும் மருந்தையும் சேர்த்துத்தான் அளக்க வேண்டும்.

அடிபம்பிலும் திறந்த கிணற்றிலும்?

அடிபம்பை இடைவிடாமல் 15 நிமிடம் அடித்துவிட்டு எடுங்கள். ஆள் மாற்றி அடிக்க இன்னொருவர் வேண்டும். திறந்த கிணற்றை முழுக்க இறைத்துக் காலி செய்வது நடக்காது. மோட்டார் இருந்தால் பாசனத்துக்கு ஒரு மணி நேரம் ஓடிய பிறகு எடுங்கள். இல்லையென்றால் கல் கட்டிய சுத்தமான கண்ணாடிப் பாத்திரத்தை நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழே இறக்கி மொள்ளுங்கள். மேல் படலத்தில் தூசியும் சாரலும் மிதக்கும். தினம் பயன்படுத்தும் வாளியும் கயிறும் வேண்டாம்.

எப்படிப் பொதிந்து அனுப்புவது?

எடுத்த உடனே ஐஸில். 4 டிகிரி அளவில் இருக்க வேண்டும், உறையக் கூடாது. உறைந்தால் கண்ணாடி வெடிக்கும். ஏழு நாளுக்குள் ஆய்வகம் தண்ணீரிலிருந்து மருந்தைப் பிரித்தெடுக்கத் தொடங்க வேண்டும் என்பது பல முறைகளில் உள்ள விதி. எவ்வளவு சீக்கிரம் போகிறதோ அவ்வளவு நல்லது.

கெட்டியான தெர்மாகோல் பெட்டி, குமிழித்தாள் சுற்றிய பாட்டில், சுற்றிலும் முந்தைய நாளே ஃப்ரீசரில் உறையவைத்த தண்ணீர் பாட்டில்கள். உடைத்த ஐஸ் கட்டியைப் போட்டால் கும்பகோணத்தில் ஏற்றியது சென்னை போவதற்குள் உருகி, ஒட்டிய சீட்டு ஊறிக் கழன்றுவிடும். எந்தப் பாட்டில் எந்தப் போர் என்று தெரியாமல் போன மாதிரியால் யாருக்கும் பயன் இல்லை. அழியாத பேனாவில் எழுதி மேலே செல்லோடேப் ஒட்டுங்கள், மூடியிலும் எண் எழுதுங்கள். சீட்டில் தேதி, நேரம், ஊர், போரின் அடையாளம், ஆழம் இருக்கட்டும். சுற்றி நடந்த பயிரையும் கடைசியாகப் போட்ட மருந்தையும் அதன் நாளையும் தனித்தாளில் எழுதி பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். திங்கள் முதல் புதன்வரை அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை அனுப்பிய பெட்டி ஞாயிறு முழுக்க பார்சல் அலுவலகத்தில் கிடக்கும்.

‘வெற்று மாதிரி’ என்று ஆய்வகம் கேட்கிறதே?

ஆய்வகம் தரும் சுத்தத் தண்ணீரை உங்கள் போர் மேடையில் வைத்தே இன்னொரு பாட்டிலில் ஊற்றி, மற்றவற்றோடு சேர்த்து அனுப்புவது அது. அதில் மருந்து தெரிந்தால் கையோ பாட்டிலோ காற்றோ அழுக்கு, போர் அல்ல. பத்து மாதிரிக்கு ஒன்றாவது வையுங்கள். கூடவே ஒரு போரில் இரட்டை மாதிரி எடுத்து வேறு எண் போட்டு அனுப்பினால் ஆய்வகம் இரண்டுக்கும் ஒரே அளவைத் தருகிறதா என்பதும் தெரியும்.

அறிக்கை வந்துவிட்டது. எப்படிப் படிப்பது?

முதலில் அலகைப் பாருங்கள். லிட்டருக்கு மைக்ரோகிராமா, மில்லிகிராமா? 0.001 மில்லிகிராமும் 1 மைக்ரோகிராமும் ஒன்றுதான். இதில் தடுமாறித் தேவையில்லாமல் பதறியவர்களும் உண்டு, பதற வேண்டிய நேரத்தில் சும்மா இருந்தவர்களும் உண்டு.

இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500 (2012) பதினெட்டு மருந்துகளுக்கு வரம்பு சொல்கிறது. லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில், இங்கே அதிகம் தேவைப்படுபவை: ஆல்ட்ரின்-டைஎல்ட்ரின் 0.03, மீத்தைல் பாரத்தியான் 0.3, எண்டோசல்பான் 0.4, மோனோகுரோட்டோபாஸ் 1, டி.டி.டி. 1, அட்ரசின் 2, போரேட் 2, லிண்டேன் 2, எத்தியான் 3, குளோர்பைரிபாஸ் 30, 2,4-டி 30, பியூட்டாகுளோர் 125, மாலத்தியான் 190. எச்.சி.எச்.சின் (மேலே சொன்ன பி.எச்.சி.தான்) ஆல்பா வகைக்கு 0.01.

அடுத்து ‘என்.டி.’ (தென்படவில்லை) அல்லது ‘பி.எல்.க்யூ.’ (எல்.ஓ.க்யூ.வுக்குக் கீழ்) என்று எழுதியிருக்கும் வரிகள். அதன் பக்கத்தில் எல்.ஓ.க்யூ. எவ்வளவு? ஆல்ட்ரினுக்கு வரம்பே 0.03. ஆய்வகத்தின் எல்.ஓ.க்யூ. 0.1 என்றால் அந்த ‘இல்லை’க்கு மதிப்பு இல்லை, வரம்பைப் போல மூன்று மடங்கு இருந்திருந்தாலும் அது ‘இல்லை’ என்றே வந்திருக்கும். எல்.ஓ.க்யூ. போடாத அறிக்கையை வாங்காதீர்கள், போட்டுத் தரச் சொல்லுங்கள்.

இமிடாகுளோபிரிட் 0.4 என்று வந்திருக்கிறது. ஐ.எஸ். 10500-இல் அந்தப் பெயரே இல்லையே?

ஆமாம். பெயர் இல்லை என்பதால் எவ்வளவு இருந்தாலும் சரி என்று ஆகாது. புட்டியில் விற்கும் குடிநீருக்கு இந்தியாவில் எந்த ஒரு மருந்தும் 0.1, எல்லாம் சேர்ந்து 0.5 மைக்ரோகிராம் என்பது விதி. ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிநீர் விதியிலும் பொதுவாக இதே எண்கள்தான். அந்த 0.1, மருந்துக்கு மருந்து நஞ்சின் வேகத்தைப் பார்த்து வைத்த எல்லை அல்ல. தண்ணீரில் மருந்தே இருக்கக் கூடாது என்ற எண்ணத்தில் வைத்தது. எனவே 0.4 என்றால் நாளைக்கே உடம்புக்கு வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். மேல் தண்ணீர் உங்கள் போருக்குள் வருகிறது என்று எடுத்துக்கொண்டு அது வரும் வழியை அடைத்துவிடுங்கள், அடுத்த பருவத்தில் மறுபடி சோதியுங்கள். கார்போபியூரானும் ஐ.எஸ். பட்டியலில் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு அதற்கு 7 மைக்ரோகிராம்.

வரம்பைத் தாண்டிவிட்டது. முதல் வேலை என்ன?

குடிக்க, சமைக்க, குழந்தைக்குப் பால்பவுடர் கரைக்க அந்தத் தண்ணீரை நிறுத்துங்கள். குளிக்க, துணி துவைக்க இந்த அளவுகளில் பொதுவாகத் தடை இல்லை. ஒரு வாரத்துக்குள் அதே போரில் மறுமாதிரி எடுத்து, முடிந்தால் வேறு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அதுவரை கூட்டுக்குடிநீர்க் குழாய் வரும் ஊரில் அதையே பிடியுங்கள். பொது அடிபம்பு என்றால் ஊராட்சிக்கும் குடிநீர் வடிகால் வாரியத்துக்கும் அறிக்கை நகலோடு எழுத்தில் கொடுங்கள். பம்பில் சிவப்புப் பெயிண்ட் அடித்து ‘குடிக்க அல்ல’ என்று எழுதிவிடுங்கள், வாய்ச்சொல்லை நம்பி விட்டால் வெளியூரிலிருந்து நடவுக்கு வந்தவர்கள் குடித்துவிடுவார்கள்.

கொதிக்கவைத்தால் போய்விடாதா? ஆர்.ஓ. போதுமா?

கொதிக்கவைத்தால் கிருமி சாகும். பல மருந்துகள் போகாது, தண்ணீர் ஆவியாகி அளவு கொஞ்சம் கூடவும் செய்யும். படிகாரம், யு.வி. விளக்கு இரண்டையும் இதற்கு நம்ப வேண்டாம். பிளீச்சிங் பவுடர் போட்டால் நிலைமை மோசமாகலாம்: குளோர்பைரிபாஸ் போன்றவை குளோரினோடு சேர்ந்து ‘ஆக்சான்’ என்னும் இன்னும் கடுமையான நஞ்சாக மாறும்.

வேலை செய்பவை இரண்டு, கிளர்வூட்டிய கரியும் ஆர்.ஓ. சவ்வும். கரி பெரும்பாலான மருந்துகளைப் பிடிக்கும், ஆனால் நிறைந்துவிட்டால் ருசியில் எதுவும் தெரியாமலே விட்டுவிடும். ஆகவே நிறுவனம் சொன்ன லிட்டர் கணக்கில் மாற்றியே ஆக வேண்டும். கரி, சவ்வு இரண்டும் உள்ள கருவி பாதுகாப்பானது. போட்ட பிறகு கருவியிலிருந்து வரும் தண்ணீரையும் ஒருமுறை சோதனைக்கு அனுப்புங்கள். ஆர்.ஓ. கழிக்கும் தண்ணீரில் மருந்து செறிந்திருக்கும், மாட்டுத் தொட்டியில் விட வேண்டாம்.

ஆழமாகப் புது போர் போட்டால் தீர்ந்துவிடுமா?

சில இடத்தில் தீரும். வேதாரண்யம், சீர்காழி கடலோரத்தில் மருந்துக்குத் தப்பி உப்பில் மாட்டலாம். எங்கே போட்டாலும், குழாய்க்கும் மண்ணுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அடியிலிருந்து மேல்வரை சரளை போட்டு நிரப்பிவிட்டால் மேல் தண்ணீர் அந்தச் சரளை வழியாகவே கீழே வழிந்து ஆழத்தையும் கெடுக்கும். மேல் மணல் அடுக்கைத் தாண்டிக் களி அடுக்கு வரும்வரை சிமென்ட் பாலால் அடைக்கச் சொல்லுங்கள். போர் போடுபவரிடம் இதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள், குழாய் இறங்கிய பிறகு சரிசெய்ய முடியாது.

மருந்து எப்படித்தான் உள்ளே வருகிறது? வயல் முழுக்க இறங்கியா?

வயல் வழியாகவும் வரும். ஆனால் முதலில் மோட்டார் கொட்டகையைச் சுற்றிப் பாருங்கள். பவர் ஸ்பிரேயர் டாங்கில் ஓசின் நுனி மருந்துக் கரைசலில் முங்கிக் கிடக்கும்போது மின்சாரம் நின்றால், குழாயில் தண்ணீர் பின்னோக்கி இறங்கி டாங்கில் உள்ளதை உறிஞ்சிக்கொண்டு போரில் கொட்டும். தடுப்பு வால்வு பழுதான குழாயில் இது அடிக்கடி நடக்கக் கூடியது. ஓசின் நுனிக்கும் டாங்க் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி விட்டுக் கட்டிவிட்டால் இந்த வழி அடைபடும், செலவு ஒன்றுமில்லை. மருந்து கலப்பதையும் டாங்க் கழுவுவதையும் போரிலிருந்து முப்பது மீட்டராவது தள்ளிச் செய்யுங்கள். கழுவிய தண்ணீரை அதே வயலில் தெளித்துவிடுங்கள். காலி டப்பாவை மூன்று முறை அலசி, அந்த அலசலையும் டாங்கிலேயே ஊற்றிவிட்டு, டப்பாவில் ஓட்டை போடுங்கள்.

கைவிட்ட பில்டர் பாயின்ட்டை அப்படியே விட்டுவைக்கலாமா?

கூடாது. மூடாத குழாய் வயல் தண்ணீருக்கு நேர் வழி, வடிகால் பொங்கும் நாளில் வயலே அதற்குள் இறங்கும். வடிகட்டிக் குழாயைப் பிடுங்க முடிந்தால் பிடுங்கிவிட்டு, துளையைக் கீழிருந்து மேலாக, பென்டோனைட் களி அல்லது சிமென்ட் பாலைக் குழாய் வழியே விட்டு நிரப்புங்கள். மேலிருந்து கொட்டினால் பாதியில் அடைத்துக்கொண்டு கீழே வெற்றிடம் நிற்கும். கடைசி மூன்றடிக்குக் கெட்டியான கான்கிரீட் போட்டு, உழவில் ஏர் மாட்டாமல் இருக்க நிலமட்டத்துக்கு ஓரடி கீழே முடித்து, மேலே வயல் மண்ணை இட்டு மிதித்துவிடுங்கள். பிடுங்க வராத குழாயை உள்ளேயே அதே முறையில் நிரப்பி, தலையை வெட்டி மூடலாம். வேலை முடிந்த தேதியையும் வரப்பிலிருந்து எத்தனை அடி என்பதையும் சோதனை அறிக்கைகளோடு சேர்த்து எழுதிவையுங்கள், அடுத்து அங்கே போர் போட வருபவருக்கு அது வேண்டியிருக்கும்.